சுபாங்கனுக்குச் சுகமில்லை

பெட்டி வாசல் படலைக்கு வந்துவிட்டது. முயல் இன்னும் ஹோலுக்குள்தான் இருந்தது.

கஜந்தினி கூட்டை நெஞ்சோடு அணைத்துத் தூக்கியபடி நடு ஹோலில் நின்றாள். முன்வாசலால் போக முடியாது. அந்த வழியால் அப்பா வந்துகொண்டிருந்தார். பின்வாசலில் வாடகைக் கதிரைகளை இறக்கி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். அடுப்பு மூட்டாத குசினிக்குள், அயல்வீடுகளிலிருந்து வந்த தேத்தண்ணிப் போத்தல்களும் அவற்றோடு கூடவே வந்த அயல்வீடுகளும் நிறைந்திருந்தன. அவளுடைய அறையில் சொந்தக்காரப் பெண்கள் சேலை மாற்றினார்கள். அப்பாவின் அறையைப் பெரியப்பா ஆழ்வாப்பிள்ளை விடியவே கைப்பற்றியிருந்தார். அப்பாவின் மேசையில், அப்பாவின் பேனையால், அப்பாவைப் பற்றிய அஞ்சலி உரையை எழுதிக்கொண்டிருந்தார். இடையில் கதவைத் தட்டியவர்களிடம், ‘இரங்கல்’ என்ற சொல்லுக்குப் பின்னால் ‘செய்தி’ வருமா ‘உரை’ வருமா என்று தான் யோசித்துக்கொண்டிருப்பதாகவும், குழப்ப வேண்டாம் என்றும் சொன்னார்.

படலையடியில் யாரோ சீனவெடிக் கட்டொன்றைக் கொளுத்தினார்கள்.

கூடு அவளுடைய கைக்குள் ஒருமுறை துள்ளியது. முயல் தலையைக் கம்பிவலையில் மோதி, மூலைக்குப் பாய்ந்து, அங்கே ஒடுங்கிக்கொண்டது. பிறகு அசையவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. சாம்பல் மயிருக்குக் கீழே அதன் விலா மட்டும் தையல் மெஷின் ஊசிபோல ஓடிக்கொண்டிருந்தது.

செத்த வீட்டில் ஒருவரும் கால் வைக்காத அறை ஒன்றே ஒன்று உண்டு. நேற்று மத்தியானம் அயல்வீட்டுப் பூரணக்கா வந்து முதல் வேலையாகக் கொண்டி போட்ட அறை அது. துடக்குக் கழியும்வரை அந்தப் பக்கம் யாரும் திரும்பிப் பார்க்கவும் மாட்டார்கள். கஜந்தினி சாமி அறையின் கொண்டியை முழங்கையால் தள்ளித் திறந்தாள். கூட்டைப் படங்களுக்குக் கீழே நிலத்தில் வைத்தாள். கதவைச் சாத்திவிட்டு, அப்பாவைப் பார்க்கப் போனாள்.

*

அப்பா பரமலிங்கம் முப்பத்தொரு வருடம் பஸ் டிப்போவில் நேரக்கணிப்பாளராக இருந்தவர். ஒரு கண்ணாடிக் கூட்டுக்குள் இருந்து, எந்த பஸ் எத்தனை மணிக்கு வெளிக்கிட வேண்டும் என்று பார்ப்பது அவருடைய வேலை. அதற்கு நாளொன்றுக்கு இரண்டு சொற்கள் போதும்: ‘எடு’, ‘நில்’. ஓய்வு பெற்ற பிறகு அவற்றையும் சொல்ல ஆளில்லை. மனைவி போய் ஆறு வருடம். மகன் மயூரதன் சுவிஸில். நாற்பத்து மூன்று வயது மகள் காலை ஏழரைக்குத் திருநெல்வேலிக்குப் போய், கம்பஸ் நூலகத்தில் மற்றவர்களிடம் சத்தம் போடாதேங்கோ என்று சொல்லிவிட்டு, மாலை ஐந்தரைக்கு ஒரு சத்தமும் இல்லாத வீட்டுக்குத் திரும்பி வருபவள்.

மூன்று கிழமைக்கு முன் ஒருநாள் திருநெல்வேலிச் சந்தைக்குக் கத்தரி விதை வாங்கப் போனவர், முயலோடு வந்து இறங்கினார். கூடு சும்மா தந்தவங்கள் என்று அதற்கு நியாயம் சொன்னார். ஒரு பேரில்லாமல் அதை எப்படி ஏசுவது என்று கேட்டு, சுபாங்கன் என்று பேரும் வைத்தார். பஸ்ஸில் எதிர் இருக்கையில் ஒரு தாய் தன் பிள்ளையைச் சுபாங்கன், சுபாங்கன் என்று கெஞ்சிச் சாப்பிட வைத்துக்கொண்டு வந்தாளாம். பேர் நல்லாயிருந்தது, அந்தப் பிள்ளை இறங்கும்வரை வாயைத் திறக்கவில்லை என்றார்.

கூட்டின் மேல் ஒரு மட்டையைக் கட்டித் தொங்கவிட்டு, 5.40, 10.15, 4.30, 7.00 என்று நேரங்களை எழுதினார். என்ன கொடுப்பது என்று எழுதவில்லை. பஸ் எங்கே போகிறதென்று நேரக்கணிப்பாளர் எழுதத் தேவையில்லை. அது பஸ்ஸுக்குத் தெரியும்.

கஜந்தினிக்கு முயலைப் பிடிக்கவில்லை. மூத்திரம் மணத்தது. கூட்டைக் கழுவும் தண்ணீர் அவளுடைய ரோசாவடிக்குத்தான் ஓடியது. வெள்ளிக்கிழமை இரவு அது அவளுடைய போன் சார்ஜர் வயரை மூன்று துண்டாகக் கடித்து வைத்திருந்தது. திங்கட்கிழமைக்குள் யாரிடமாவது கொடுத்துவிடச் சொன்னாள். அப்பா வயர்த் துண்டுகளைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டு, சரி என்றார்.  மறுநாட்காலை எட்டு மணிக்கு, வேலியோரம் முயலுக்கு முள்முருக்கு இலை ஒடித்துக்கொண்டு நின்றவர், அப்படியே நிலத்தில் இருந்தார், பிறகு படுத்தார். ஆஸ்பத்திரியில் அவரை அரைமணி நேரம்கூட வைத்துப் பார்க்கத் தேவை இருக்கவில்லை.

சனி காலை 5.40க்குப் பிறகு முயல் ஒன்றும் தின்னவில்லை. வைத்த இலை வைத்தபடியே வாடியது. ஞாயிற்றுக்கிழமை விடியப் பார்த்தபோது, தண்ணீர்க் கோப்பையிலும் நேற்றைய அளவு குறையாமல் இருந்தது. முயலைப் பிடிக்காத கஜந்தினி அப்போதுதான் அதன் முன் முதல்தடவையாகக் குந்தியிருந்து, இலையை ஒவ்வொன்றாக நீட்டினாள். அது அவளைப் பார்த்த பார்வையில் விரோதம் இல்லை. அறிமுகமும் இல்லை.

*

பத்தரை மணிக்கு, கிணற்றடிக்குப் போய் நின்று, மிருக வைத்தியர் தனுஷாவுக்குப் போன் எடுத்தாள். இலக்கம் மட்டையின் பின்பக்கம் இருந்தது. சின்னப் பெண் குரல். உரும்பிராய் முயல் என்றதுமே தெரிந்துகொண்டாள். மூன்று கிழமைக்குள் ஐந்து தரம் கூட்டோடு பஸ்ஸில் வந்துவிட்டார் ஐயா, நகம் வெட்டவும் வந்தவர், முயல் தும்மியது என்றும் வந்தவர், தும்மாமல் இருக்கிறது என்றும் ஒருநாள் வந்தவர் என்றாள். கஜந்தினிக்கு இது ஒன்றும் தெரியாது.

“எவ்வளவு நேரமாச் சாப்பிடேல்லை?”

“நேற்று விடியத்துக்குப் பிறகு இல்லை.”

“அது கூடாது, அக்கா. முயலுக்குக் குடல் ஓடிக்கொண்டே இருக்கவேணும். ஒருநாளைக்கு மேலை நிண்டால் பிறகு எடுக்கிறது கஷ்டம். கரட், பாண், பிஸ்கற் ஒண்டும் குடுக்காதேங்கோ. புல்லுத்தான். கூட்டைத் திறந்து, சத்தமில்லாத அறை ஒண்டுக்குள்ளை விடுங்கோ. பயந்தாலும் சாப்பிடாது. வெடிச் சத்தத்துக்கே செத்த முயல் இருக்கு.” பிறகு, “புழுக்கை போடுதோ எண்டு பாருங்கோ. புழுக்கையைக் கண்டால் தப்பீட்டுது. ஏன், பின்னாலை ஆக்களின்ரை சத்தம் கேக்குது? வீட்டிலை ஏதும் விசேசமோ? ஐயா நிக்கிறாரோ, நான் அவரோடை கதைக்கிறன்.”

“அவர்தான் செத்துப்போனார்.”

மறுமுனையில் யாரோ நாயொன்றை அதட்டுவது கேட்டது. நாயும் அடங்கிய பிறகு தனுஷா, பின்னேரம் என்ன நேரமென்றாலும் எடுக்கச் சொன்னாள்.

கஜந்தினி வேலியோரம் போய்ப் புல் பிடுங்கினாள். தகப்பன் ஹோலில் கிடக்க மகள் புல்லுப் பிடுங்குவதை வாடகைக் கதிரையில் இருந்த நாலைந்து பேர் பார்த்தார்கள். துக்கம் சிலபேருக்கு இப்படித்தான் தலைக்கு அடிக்கும் என்று ஒருவர் மற்றவருக்கு விளக்கினார்.

அவள் சாமி அறைக் கொண்டியில் கை வைத்தபோது பின்னால் பூரணக்காவின் குரல் கேட்டது. பூரணக்கா அடுத்த வளவு. நேற்று அப்பா விழுந்ததை வேலிக்கு மேலால் கண்டவள் அவள்தான். ஊரில் எந்தச் செத்தவீட்டிலும் கேட்காமலே பொறுப்பெடுத்துக்கொள்பவள்.

“துடக்கோடை எங்கை போறாய்?”

“பூரணக்கா, இதுக்குள்ளைதான் ஒருத்தரும் வராயினம்.”

கதவிடுக்கால் பூரணக்கா உள்ளே பார்த்தாள். முருகன், இலட்சுமி, பிள்ளையார், கீழே கூடு.  கஜந்தினியின் கையிலிருந்த புல்லைப் பார்த்தாள்.  பிறகு ஹோலிலிருந்து ஒரு கதிரையை இழுத்துவந்து, சாமி அறைக் கதவுக்குக் குறுக்கே போட்டு, அதில் உட்கார்ந்துகொண்டாள். அதற்குப் பிறகு கைப்பையை வைக்கவோ பிள்ளைக்குப் பால் கொடுக்கவோ இடம் தேடி அந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லோருக்கும், சாமி அறை, துடக்கு, அங்காலை போ என்றாள். ஆசாரத்தை இவ்வளவு பிரயோசனமாக யாரும் பாவித்ததில்லை.

கூட்டைத் திறந்துவிட்டும் முயல் வெளியே வரவில்லை. புல்லை மணந்தும் பார்க்கவில்லை.

*

பதினொரு மணிக்கு அச்சகத்திலிருந்து கண்ணீர் அஞ்சலித் துண்டுப் பிரசுரங்கள் வந்தன. வாசகம் பெரியப்பாவினுடையது. அதே வாசகத்தோடு இருநூறு சுவரொட்டிகள் விடியமுன்பே மருதனார்மடத்திலிருந்து கோப்பாய்வரை ஒட்டப்பட்டுவிட்டன என்று அறிவித்தார். துண்டின் மேல்பாதியில் அப்பாவின் அடையாள அட்டைப் படம், பெருப்பித்ததில் ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்பவர்போல இருந்தது. கீழ்ப்பாதியில், தகவல் தருபவர் என்ற இடத்தில், ‘தேசமான்ய, சமாதான நீதவான், ஓய்வுநிலை உதவிக் கல்விப் பணிப்பாளர், முதியோர் சங்க ஸ்தாபகத் தலைவர், சனசமூக நிலையப் போசகர் ஆழ்வாப்பிள்ளை’ நான்கு வரியில் இருந்தார். செத்தவருக்கு ஒரு வரி போதுமாயிருந்தது.

கஜந்தினி நடுவில் வாசித்தாள். கஜந்தினி, மயூரதன் ஆகியோரின் அன்புத் தந்தையும், வித்தியா, சுபாங்கன் ஆகியோரின் பாசமிகு அப்பப்பாவும் ஆவார்.

திரும்ப வாசித்தாள். வித்தியா, தம்பியின் ஒரே மகள். சூரிச்சில் ஒன்பதாம் வகுப்பு. அடுத்த பேரப்பிள்ளைக்கு வயது நாலு மாதம், காது இரண்டும் நீளம்.

எப்படி நடந்திருக்கும் என்று விளங்க அவளுக்கு அதிக நேரம் எடுக்கவில்லை. பெரியப்பா தினமும் இரவு ஏழேகாலுக்குத் தன் தம்பிக்குப் போன் எடுப்பார். அரைமணி நேரம் தன் கூட்டங்களைப் பற்றிச் சொல்லுவார். மூச்சு வாங்குகிற இடத்தில் அப்பா ஏதாவது சொல்லுவார். மூன்று கிழமையாக அந்த இடத்தில் சுபாங்கன் வந்திருக்கிறான். சுபாங்கன் யார் என்று பெரியப்பா கேட்டிருக்க மாட்டார். எழுபத்தெட்டு வருடத்தில் அவர் யாரிடமும் எதையும் கேட்டதில்லை. அவரிடம்தான் மற்றவர்கள் கேட்க வேண்டும்.

சொல்லலாம் என்று துண்டோடு போனாள். பெரியப்பா முற்றத்தில், இந்த அஞ்சலியில் ஒரு எழுத்துப்பிழை காட்டுபவருக்குத் தன் கையால் பரிசு தருவதாகச் சொல்லிக்கொண்டு நின்றார். அவள் வேறொன்றைக் கேட்டாள். வெடி கொளுத்துவதை நிறுத்த முடியுமா என்றாள்.

“என்ன கதை கதைக்கிறாய், பிள்ளை? ஆழ்வாப்பிள்ளையின்ரை தம்பி வெடியில்லாமல் படலை தாண்டுறதோ? சந்திவரைக்கும் மாலையாக் கோத்து வைச்சிருக்கிறாங்கள். உனக்குத் தலையிடியெண்டால் அறைக்குள்ளை போய்ப் படு.”

தலையிடி இல்லை என்றாள். பிறகு ஏன் என்று அவர் கேட்கவில்லை.

*

அஞ்சலிக் கூட்டம் பன்னிரண்டு மணிக்குத் தொடங்கியது. கமராக்காரர் ஒருவர் அதைச் சுவிஸுக்கும் கனடாவுக்கும் நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தார். மூன்று நாள் வைத்திருந்தால் வருவேன் என்று மயூரதன் நேற்று அழுதான். ஐஸில் படுத்துக்கொண்டு ஆட்களுக்குக் காத்திருக்கத் தன்னால் ஏலாது, நேரத்துக்கு வெளிக்கிட வேண்டும் என்று அப்பா முன்பே சொல்லி வைத்திருந்ததை அவள் அவனுக்கு ஞாபகப்படுத்தினாள்.

பெரியப்பா கடைசியாகப் பேசினார். முதல் இருபது நிமிடம் தான் தன் தம்பியைப் படிக்கச் சொன்னது, அவர் படியாதது, தான் படித்தது, அதனால் தான் வகித்த பதவிகள் என்று ஒழுங்காகப் போனது. அப்பா பெட்டிக்குள் இருந்து, வழக்கமான அரைமணி நேரத்துக்குக் கேட்பதுபோலவே கேட்டுக்கொண்டிருந்தார். கஜந்தினி சாமி அறைப் பக்கம் பார்த்தாள். பூரணக்கா கதவிடுக்கால் எட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் தின்னவில்லை என்று தலையை அசைத்தாள்.

“மேலும்,” என்றார் பெரியப்பா. அவருடைய குரல் சற்று இறங்கியது. “என் தம்பி அதிகம் பேசாதவன். ஆனால் இந்த மூண்டு கிழமையாக என்னோடு ஒரு விஷயம் பேசினான். தன் பேரன் சுபாங்கனைப் பற்றிப் பேசினான். அண்ணை, சுபாங்கன் இண்டைக்கு நல்லாச் சாப்பிட்டான் எண்டு சொல்லுவான். அண்ணை, சுபாங்கன் ஆர் குடுத்தும் வாங்கான், என்ரை கையாலைதான் வாங்குறான் எண்டு சொல்லுவான். பகலிலை வீட்டிலை ஒருத்தரும் இல்லை, நான் கதிரையிலை நித்திரையாப் போனால் அவன் வந்து என்ரை மடியிலை ஏறிப் படுக்கிறான் அண்ணை, நான் அசையாமல் இருக்கிறன், அசைஞ்சால் எழும்பிப் போயிடுவான் எண்டு சொல்லுவான்.”

பெண்கள் பக்கத்தில் விம்மல் கிளம்பியது. சூரிச்சில் இருக்கும் பேரன் உரும்பிராயில் எப்படி மடியில் ஏறினான் என்று ஒருவரும் யோசிக்கவில்லை. அழுகிற நேரத்தில் யாரும் உலக வரைபடம் பார்ப்பதில்லை. பெரியப்பாவே கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கேட்காமலே அவர் எவ்வளவு கேட்டு வைத்திருக்கிறார் என்பது அவருக்கே அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும்.

கஜந்தினி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாலை ஐந்தரைக்கு அவள் வரும்போதெல்லாம் அப்பா முன் கதிரையில் நேராக இருப்பார். கூடு பூட்டியிருக்கும். என்ன செய்தீங்கள் என்று கேட்டால், ஒண்டுமில்லை என்பார்.

கைக்குள் போன் அதிர்ந்தது. மயூரதன். அவள் ஹோலின் மூலைக்குப் போனாள்.

“அக்கா, ஆரது சுபாங்கன்? பெரியப்பா என்ரை மகன் எண்டெல்லோ சொல்லுறார். இஞ்சை மனுசி என்னையே பாத்துக்கொண்டிருக்கிறாள்.”

“முயல்.”

சூரிச்சில் ஒரு கதவு சாத்தப்படும் சத்தம் கேட்டது.

“அந்த வீடியோவிலை அப்பா காட்டினதோ?”

“எனக்குத் தெரியாது. உனக்குக் காட்டினவரோ?”

“ஓம். ரெண்டு நிமிசம் அதின்ரை காதை மட்டும் காட்டினார். நான் வேலையிலை நிண்டனான், பிறகு எடுக்கிறன் எண்டன்.” அவன் மூக்கை உறிஞ்சினான். “சாப்பிடுதோ?”

“இல்லை.”

*

கிரியை செய்ய வந்த குருக்கள் நேரத்தில் கண்ணானவர், அப்பாவுக்குப் பிடித்திருக்கும். ஒன்றரைக்குள் முடிக்க வேண்டும் என்று சொல்லிவிட்டு, சுண்ணம் இடிப்பித்து, பந்தங்களில் நெய் தோய்த்து, பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டார். பெரியப்பாவின் பேரப்பிள்ளைகள் நால்வர் வந்து வரிசையில் நின்றார்கள். குருக்கள் அஞ்சலித் துண்டை எடுத்து, இடாப்புக் கூப்பிடும் வாத்தியார்போல விரலால் வரியைத் தொட்டார்.

“மகன்ரை பிள்ளை சுபாங்கன் எங்கை? சொந்தப் பேரன் இருக்க மற்றவை முன்னுக்கு நிக்கக்கூடாது. கூப்பிடுங்கோ.”

சுபாங்கன், சுபாங்கன் என்று பெயர் ஹோலிலிருந்து விறாந்தைக்கும், விறாந்தையிலிருந்து முற்றத்துக்கும், அங்கிருந்து படலைக்கும் போய், ஆளில்லாமல் திரும்பி வந்தது. சற்றுமுன் கிணற்றடியில் கண்டேன், தகப்பனைப்போலவே உயரம் என்று ஒரு பெண் சத்தியம் செய்தாள். கமராக்காரர் வாசலுக்குக் கமராவைத் திருப்பிக் காத்திருந்தார்.

பெரியப்பா கஜந்தினியிடம் வந்து குனிந்தார். “பிள்ளை, எங்கை அவன்? ஆயிரம்பேர் பாத்துக்கொண்டிருக்கினம். தாயோடை வந்திட்டானெல்லோ?”

“சாமி அறைக்குள்ளை நிக்கிறார்.”

“சாமி அறைக்குள்ளையோ? துடக்கு வீட்டிலை? ஆர் உள்ளுக்கு விட்டது?”

“நான்தான். அவர் முயல், பெரியப்பா.”

பெரியப்பாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. பதவியில் இருந்தவர்களுக்கு அந்தப் பயிற்சி உண்டு. ஆனால் அவருடைய கண் மருதனார்மடத்திலிருந்து கோப்பாய்வரை ஒருதரம் போய், இருநூறு சுவர்களையும் பார்த்துவிட்டு வந்தது. பரிசு தருவதாக அவர் சொன்னதைக் கேட்டவர்கள் எல்லோரும் முற்றத்தில்தான் இருந்தார்கள்.

“ஆருக்குத் தெரியும்?” என்று கேட்டார். அவர் வாழ்க்கையில் அவளிடம் குரலைத் தாழ்த்திக் கேட்ட முதல் கேள்வி.

“மயூரதனுக்கு. பூரணக்காவுக்கு. நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன், பெரியப்பா. வெடியை மட்டும் நிப்பாட்டுங்கோ.”

“அது பெடியள் கோத்து வைச்சிட்டாங்கள், இப்ப போய்…”

“சந்தி தாண்டினாப்பிறகு கொளுத்தட்டும். வீட்டடியிலை வேண்டாம். அது செத்துப்போம்.”

அவர் அவளைப் பார்த்தார். அவள் கையில் வாய்க்கரிசிக் கிண்ணம் இருந்தது.  குருக்கள் நேரத்தைப் பார்த்தார். நெய் சொட்டியது.

பெரியப்பா நிமிர்ந்து ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

“அன்பார்ந்தவர்களே, பேரப்பிள்ளை சுபாங்கனுக்குச் சுகமில்லை. ஆகையினால் இக்கிரியையில் கலந்துகொள்ள முடியாத நிலையில் இருக்கிறார் என்பதை மனவருத்தத்தோடு அறியத்தருகிறேன். மேலும், சூழல் மாசடைதலையும், அயலிலுள்ள நோயாளர், குழந்தைகள், மற்றும்…” இந்த இடத்தில் ஒரு கணம் நின்றார், “மற்றும் ஏனைய சீவராசிகளின் நலனையும் கருத்திற்கொண்டு, வீட்டு வளவிலும் ஒழுங்கையிலும் வெடி கொளுத்துவதில்லை என்ற முன்மாதிரியான தீர்மானத்தை எமது குடும்பம் எடுத்துள்ளது.”

முற்றத்தில் தலைகள் ஆமோதித்து அசைந்தன. முதியோர் சங்கச் செயலாளர் எழுந்துவந்து அவருடைய கையைக் குலுக்கினார். இதை நம்முடைய அடுத்த கூட்டத்தில் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்றார். பெரியப்பா அடக்கத்தோடு அதை ஏற்றுக்கொண்டார். அந்த முழு நாளிலும், கொஞ்சம்கூட மிகைப்படுத்தாமல் அவர் சொன்னது, சுபாங்கனுக்குச் சுகமில்லை என்ற அந்த ஒரு வரிதான். அதை நம்பாதவரும் அவர் ஒருவர்தான்.

நால்வரும் பந்தம் பிடித்துச் சுற்றி வந்தார்கள். கஜந்தினி வாய்க்கரிசி போட்டாள். அப்பாவின் மேலுதட்டில் ஒரு அரிசி ஒட்டிக்கொண்டது. எடுத்துவிடலாமா என்று யோசிப்பதற்குள் மூடியை வைத்தார்கள்.

*

ஒன்று இருபத்தெட்டுக்கு அப்பா வெளிக்கிட்டார். ஆண்கள் பின்னால் போனார்கள். பெண்கள் படலையோடு நின்றார்கள். அழுகை எழும்பி, ஒழுங்கை முடக்கில் பெட்டி மறைந்ததும், எழும்பிய வேகத்திலேயே தணிந்தது. பிறகு அவர்கள் செருப்புகளைத் தேடினார்கள்.

கஜந்தினி படலைக் கட்டையில் கை வைத்தபடி காது கொடுத்து நின்றாள். ஒழுங்கையில் தேவாரம் மட்டும் தேய்ந்துகொண்டு போனது. நெடுநேரத்துக்குப் பிறகு, சந்திக்கும் அப்பால் எங்கோ, யாரோ தூரத்துக் குசினியில் கடுகு தாளிப்பதுபோல ஒரு பொரிச்சத்தம் கேட்டு அடங்கியது.

வீடு கழுவத் தொடங்கியிருந்தார்கள். பூரணக்கா சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு கிணற்றிலிருந்து வாளி வாளியாகக் கொண்டுவந்து ஹோலில் ஊற்றினாள். பூவிதழ்களும் சாம்பலும் அஞ்சலித் துண்டுகளும் வாசற்படியால் முற்றத்துக்கு ஓடின. அப்பா கிடந்த இடத்தை இரண்டு பெண்கள் தும்புத்தடியால் உரஞ்சினார்கள். தண்ணீர் சாமி அறைக் கதவுவரை போய்ப் படியில் முட்டித் திரும்பியது.

“இனி இது ஒண்டுதான் மிச்சம்,” என்றாள் பூரணக்கா. வாளியை வைத்துவிட்டு, கதிரையை அவளே விலக்கினாள். ஆனால் கொண்டியில் கை வைக்கவில்லை. “நீ திற.”

கஜந்தினி திறந்தாள்.

கூடு வெறுமையாக இருந்தது. அவள் வைத்த புல் வைத்தபடியே கிடந்தது. கதவுக்குப் பின்னால் பார்த்தாள். எண்ணெய்ப் போத்தல்களின் பின்னால் பார்த்தாள். பிறகு சாமித் தட்டின் கீழ்ப்படியில், பிள்ளையாருக்குப் பக்கத்தில், சாம்பல் நிறத்தில் ஏதோ அசைந்தது. முயல் முன்னங்கால்களைத் தட்டில் ஊன்றி எழும்பி நின்றது. பிள்ளையாரின் கழுத்திலிருந்து தொங்கிய காய்ந்த அறுகம்புல்லில் ஒரு தாளை இழுத்து, நுனியிலிருந்து அடிவரை, நிறுத்தாமல், சிறிய சத்தத்தோடு அரைத்துக்கொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை அப்பா சாத்திய புல்.

கீழே சீமெந்து நிலத்தில், மிளகு சிந்தியதுபோல, பத்துப் பன்னிரண்டு உருண்டைகள் கிடந்தன.

பூரணக்கா அவளுடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். வாளியைத் தூக்கினாள்.

“கழுவவேண்டாம்,” என்றாள் கஜந்தினி. “உது கிடக்கட்டும்.”

“சாமி அறைக்குள்ளையடி.”

“ஓம்.”

பூரணக்கா வாளியைக் கீழே வைத்தாள். “சரி விடு. பிள்ளையார் ஒண்டும் சொல்லார். அவரும் எலி வளக்கிறவர்தானே,” என்றாள். பிறகு மற்றப் பெண்களிடம், சாமி அறையைக் குருக்கள் வந்துதான் கழுவ வேணுமாம் என்று உரக்கச் சொல்லிக்கொண்டு குசினிப் பக்கம் போனாள்.

கஜந்தினி வீடு கழுவின தண்ணீரில் நனைந்த சேலையோடு உள்ளே போய் நிலத்தில் இருந்தாள். முயல் மெல்லுவதை நிறுத்தி அவளைப் பார்த்தது. அவள் அசையாமல் இருந்தாள். வெளியே வாளிகள் உருண்டன. யாரோ தேயிலை எங்கே என்று கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் அதன் தாடை மறுபடி ஓடத் தொடங்கியது. பிள்ளையாரின் கழுத்தில் எட்டாத உயரத்தில் இன்னும் நாலைந்து தாள்கள் மிச்சமிருந்தன. அவள் மெல்லக் கையை நீட்டி அவற்றைக் கழற்றி, நிலத்தில், அதன் வாயருகே வைத்தாள்.